ஐயாயிரத்துக்குக் கீழே ஒரு பார்சல்: புகார் எழுதுவதும், சட்டத்தை மாற்றச் சொல்லி மனு எழுதுவதும்

முப்பத்தோரு வருஷம் தபால் இலாகாவில் இருந்தேன். அதில் கடைசி ஒன்பது வருஷம் சப் போஸ்ட்மாஸ்டர். ஓய்வு பெற்றதும் குரோம்பேட்டை பக்கம் 36 வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் குடியேறினேன். வந்த இரண்டாம் வருஷமே சங்கச் செயலாளர் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். "தபால் ஆபீஸ் அம்மா" என்று பெயர் வேறு. அதனால் எந்த வீட்டில் பார்சல் காணாமல் போனாலும் முதலில் தட்டப்படுவது என் வீட்டுக் கதவுதான்.

போன ஆடி மாதம் இரண்டாம் மாடி டீச்சர் வந்தார். பேரனுக்கு மூச்சிரைப்பு. ஆன்லைனில் நெபுலைசர் வாங்கியிருக்கிறார், விலை 1,890 ரூபாய். "டெலிவரி ஆயிற்று" என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது. செருப்பு ஸ்டாண்டின் மேல் பெட்டி இருக்கிற போட்டோவும் வந்திருக்கிறது. பெட்டியை மட்டும் காணோம். சிசிடிவியில் பார்த்தால், தோளில் பை மாட்டிய ஓர் ஆள் படியேறி வந்து, நான்கு கதவுகளையும் ஒரு நோட்டம் விட்டு, பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிப் போகிறார். மொத்தமே ஒரு நிமிஷத்துக்குள்.

ஸ்டேஷனுக்குப் போனோம். ரைட்டர் மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, ஐயாயிரத்துக்குக் கீழேன்னா இப்போ நாங்க நேரா விசாரணை எடுக்க முடியாது. சி.எஸ்.ஆர். போட்டுத் தரேன், வாங்கிட்டுப் போங்க." சி.எஸ்.ஆர். என்பது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் ரசீது, அவ்வளவுதான். தட்டிக்கழிக்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். அவர் சொன்னது சரிதான்.

அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டதையே இங்கே எழுதுகிறேன். முதலில், இன்றைக்கு இருக்கிற சட்டத்துக்குள் உங்கள் புகாரை வலுவாக எழுதும் முறை. அப்புறம், அந்தச் சட்டத்தையே மாற்றச் சொல்லி மனு எழுதும் முறை.

சட்டம் எங்கே இளகியது

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தின் 379-வது பிரிவில் பத்து ரூபாய் பேனா திருடுபோனாலும் அது போலீஸ் நேரடியாக வழக்குப் பதிந்து விசாரிக்கக்கூடிய குற்றம்தான். காக்னிசபிள் என்பார்களே, அது. புதிய சட்டத்தில் திருட்டுக்கு 303-வது பிரிவு. அதில் ஒரு விதிவிலக்கைச் சேர்த்திருக்கிறார்கள்: பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே, திருடியவர் முதல் முறை தண்டனை பெறுகிறவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால், தண்டனை சமூக சேவை மட்டும்.

இதில் எனக்குச் சண்டை இல்லை. வயிற்றுக்காகவோ வயசுக் கோளாறிலோ ஒரு தரம் கைவைத்த பையனைச் சிறைக்கு அனுப்பி யாருக்கு என்ன லாபம்? என் குறை வேறு இடத்தில். குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. அதன் முதல் அட்டவணை 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டை நான்-காக்னிசபிள் என்று வகைப்படுத்திவிட்டது. 174-வது பிரிவின்படி அப்படிப்பட்ட புகாரைப் போலீஸ் புத்தகத்தில் எழுதி, உங்களை மாஜிஸ்திரேட்டிடம் அனுப்பலாம். மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் விசாரணை கிடையாது. நெபுலைசருக்காக எந்த டீச்சர் கோர்ட் படி ஏறுவார்?

திருடியவன் முதல் முறைக்காரனா, ஐம்பதாவது முறைக்காரனா என்பது விசாரித்தால்தான் தெரியும். விசாரிக்கும் கதவைச் சாத்திவிட்டு, "முதல் முறையாக இருந்தால் சமூக சேவை" என்று எழுதிவைத்து என்ன பயன்?

இன்னொன்று என் பழைய இலாகா சம்பந்தப்பட்டது. 1898-ஆம் வருஷத்துத் தபால் அலுவலகச் சட்டத்தில் குற்றங்களுக்கென்று தனி அத்தியாயமே இருந்தது. தபாலைத் திருடும், ஒளிக்கும், அழிக்கும், தூக்கியெறியும் ஊழியருக்கு 52-வது பிரிவில் ஏழு வருஷம் வரை. பிரித்துப் பார்த்தால், வேண்டுமென்றே நிறுத்தி வைத்தால் 53-வது பிரிவில் இரண்டு வருஷம் வரை. தவறி வந்த அடுத்தவர் தபாலைக் கொடுக்காமல் அமுக்கி வைத்துக்கொள்ளும் பொதுமக்களுக்கும் 68-வது பிரிவில் இரண்டு வருஷம் வரை. குடித்துவிட்டுத் தபால் பை தூக்கினால் 50 ரூபாய் அபராதம் என்றுகூட இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதைச் சொல்லிச் சிரிப்போம். ஆனால் 52 என்ற எண்ணைச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஒரு கிராமத்தில் கொடுக்காத கடிதங்களை மூட்டை கட்டிப் பரண் மேல் போட்டு வைத்திருந்த ஒருவரை இன்ஸ்பெக்டர் பிடித்தபோது, அந்த மூட்டையில் ஓர் இன்டர்வியூ கார்டும் இருந்தது. தேதி தாண்டியிருந்தது. கார்டுக்கு உரிய பையன் ஆபீஸ் வாசலில் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அந்த அட்டையின் விலை என்ன? ஒரு ரூபாய் இருக்குமா?

2023-இல், பல சட்டங்களில் இருந்த சிறு குற்றப் பிரிவுகளைக் குறைக்க வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் இந்தக் குற்றப் பிரிவுகள் அத்தனையையும் நீக்கிவிட்டது. அதே டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய தபால் அலுவலகச் சட்டத்தை நிறைவேற்றியது. அது 2024 ஜூன் 18-இல் அமலுக்கு வந்தது. அதில் தபால் திருட்டு என்று ஒரு குற்றம் கிடையாது. "பொதுவான குற்றச் சட்டம் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறதுதான். ஆனால் அது தபாலையும் பொருளாகப் பார்த்து விலை கேட்கிறது. பட்டச் சான்றிதழ், ஏடிஎம் கார்டு, பாஸ்போர்ட், கோர்ட் நோட்டீஸ், இவற்றுக்கு என்ன விலை எழுதுவீர்கள்?

இப்போதைய சட்டத்துக்குள் புகார் எழுதும் வழி

"பார்சலைக் காணவில்லை" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் தொலைந்துபோன பொருள் கணக்கில் சேர்ந்துவிடும். எங்கே இருந்தது, யார் எடுத்தார், எப்படித் தெரியும் என்று எழுதுங்கள். இடம்தான் முக்கியம். நியாய சன்ஹிதாவின் 305-வது பிரிவு, மனிதர்கள் குடியிருக்கும் கட்டடத்துக்குள்ளோ பொருளைப் பாதுகாக்கும் கட்டடத்துக்குள்ளோ நடக்கும் திருட்டுக்கு ஏழு வருஷம் வரை தண்டனை சொல்கிறது. அதில் 5,000 ரூபாய்க் கணக்கே இல்லை. காக்னிசபிள், ஜாமீனில் வர முடியாத குற்றம். இரண்டாம் மாடி மாடிப்படித் தளம் கட்டடத்துக்குள் இல்லாமல் வேறெங்கே இருக்கிறது? வாட்ச்மேன் அறை அலமாரியும் அப்படித்தான். காம்பவுண்டு கேட்டுக்கு வெளியே தொங்கும் பையிலிருந்து எடுத்தார்கள் என்றால் இந்த வாதம் நிற்காது. டெலிவரி வேனிலிருந்து எடுத்தார்கள் என்றால், சரக்கு வண்டியிலிருந்து திருடுவதும் அதே 305-இல் வருகிறது.

எடுத்தவர் யார் என்பதைப் பொறுத்தும் பிரிவு மாறும். சரக்கைக் கொண்டுசேர்க்க ஒப்படைக்கப்பட்டவரே அமுக்கினால் நம்பிக்கை மோசடி, 316-வது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. தபால் ஊழியர் என்றால் அரசு ஊழியர் என்ற முறையில் அதே பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு, ஆயுள் வரை போகும். தவறி வந்த பெட்டியைப் பக்கத்து வீட்டார் வைத்துக்கொண்டால் 314. ஒரு கும்பல் தெருத்தெருவாக இதே வேலையாகத் திரிந்தால் 112, சிறு அளவிலான அமைப்புசார் குற்றம். இதில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: ஆதாரமில்லாமல் டெலிவரி பையன் பெயரை எழுதாதீர்கள். பார்சல் போனால் முதல் அடி அவர்கள் சம்பளத்தில்தான் விழுகிறது. எங்கள் கட்டடத்தில் கேமரா இல்லாமலிருந்தால் அன்றைக்கு எல்லோரும் அந்தப் பையனைத்தான் சொல்லியிருப்பார்கள்.

நான் டீச்சருக்கு எழுதிக் கொடுத்த பத்தி இது. ஆளுக்கும் தேதிக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

"மேற்படி முகவரியில் உள்ள குடியிருப்புக் கட்டடத்தின் உள்ளே, இரண்டாம் மாடித் தளத்தில், என் வீட்டு வாசலை ஒட்டிய அலமாரி மீது பிற்பகல் 2.10 மணிக்கு டெலிவரி செய்யப்பட்ட பெட்டியை, 2.47 மணிக்கு அடையாளம் தெரியாத ஆண் நபர் ஒருவர் எடுத்துச் சென்றது கட்டடத்தின் சிசிடிவி பதிவில் உள்ளது. அந்நபர் இக்கட்டடத்தில் வசிப்பவரோ இங்கு வர அனுமதி பெற்றவரோ அல்லர். இது குடியிருப்புக் கட்டடத்துக்குள் நடந்த திருட்டு என்பதால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 305-இன் கீழ் வழக்குப் பதிவு செய்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாக வழங்கக் கோருகிறேன்."

எந்தப் பிரிவு என்று கடைசியில் முடிவு செய்வது போலீசும் கோர்ட்டும்தான். ஆனால் "கட்டடத்தின் உள்ளே" என்ற இரண்டு சொல் புகாரில் இல்லாவிட்டால் அந்தக் கேள்வியே எழாது. டிராக்கிங் எண்ணை முழுதாக எழுதுங்கள். தபால் துறை என்றால் 13 இடம், முதலில் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது எண், கடைசியில் ஐ.என். என்று முடியும். பில், டெலிவரி போட்டோ, குறுஞ்செய்தியின் படம், எல்லாவற்றையும் அச்சிட்டு இணையுங்கள்.

நேரில் போக முடியாதவர்கள் இணையம் வழியாகவும் அனுப்பலாம். காக்னிசபிள் குற்றம் என்றால், நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி மூன்று நாளுக்குள் கையெழுத்திட்டால் அது பதிவுக்கு வரும். ஸ்டேஷனில் மறுத்தால் அதே பிரிவு அடுத்த படியையும் சொல்கிறது: எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்புவது, சென்னை மாதிரி மாநகரங்களில் துணை ஆணையருக்கு. அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். சி.எஸ்.ஆர். கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். விற்ற நிறுவனத்திடம் பணம் கேட்க அது உதவும்.

சிசிடிவி விஷயத்தில் எங்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. கேமரா படத்தைப் பதிந்து வைக்கும் பெட்டியான எங்கள் டிவிஆரின் கடிகாரம் 22 நிமிஷம் பின்தங்கியிருந்தது. அதைப் புகாரிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார். ஹார்ட் டிஸ்க் நிறைந்தால் பழைய பதிவு தானாக அழியும், ஆகவே அன்றைக்கே பென் டிரைவில் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவைக் கொடுக்காதீர்கள், அனுப்பும்போதே அது சுருங்கி வேறு கோப்பாகிவிடும். புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவில் மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ்ப் படிவம் இருக்கிறது. அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பு எழுத வேண்டும். இரண்டாவது பகுதியில் நிபுணர் கையெழுத்து. ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. கேமரா மாட்டிய கடைக்காரப் பையன் அரைமணியில் எடுத்துக் கொடுத்தான்.

பணத்தைத் திரும்பப் பெறுவது தனிக் கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்வணிக விதிகள் 2020-இன்படி விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

சட்டத்தை மாற்றக் கேட்கும் மனு

டீச்சர் பெட்டிக்கு அப்புறம் நான் சுற்றுவட்டாரச் சங்கச் செயலாளர்களிடம் பேசினேன். ஐந்து கட்டடங்களில் ஏழு பெட்டி. கேமராவில் அதே தோள் பை. ஒன்றுகூட 5,000 தொடவில்லை. ஏழையும் கூட்டினால் 19,000 சொச்சம். தனித்தனிப் புகாராக இருந்தவரை அவை வெறும் ஏழு சி.எஸ்.ஆர். சேர்த்துக் கட்டி, ஒவ்வொன்றிலும் "கட்டடத்தின் உள்ளே" என்று எழுதி மறுபடி கொடுத்தபோதுதான் எஃப்.ஐ.ஆர். விழுந்தது. ஆக, மனு எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இதுதான்: கணக்கெடுங்கள். தேதி, கட்டடம், பொருள், மதிப்பு, சி.எஸ்.ஆர். எண், என்ன நடந்தது. ஒரே தாளில் அட்டவணையாக. பெயரும் கதவு எண்ணும் வேண்டாம். "திருட்டு பெருகிவிட்டது" என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட அந்த ஒரு தாள் பேசும்.

அடுத்தது, என்ன கேட்பது. பெரும்பாலான மனுக்கள் "கடும் தண்டனை வேண்டும்" என்று முடிகின்றன. வருஷத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். விசாரிக்கும் அதிகாரத்தைக் கேளுங்கள். ஏழு வருஷம் என்று ஏட்டில் இருந்து, விசாரணையே நடக்காவிட்டால் திருடனுக்கு என்ன பயம்?

என் மகள் டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் இருக்கிறாள். அங்கே 2019 செப்டம்பரில் அஞ்சல் திருட்டுக்கென்று மாநிலச் சட்டம் வந்தது. அதில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, அரசுத் தபால் என்று பிரிக்காமல், கூரியர் கொண்டுவந்து இன்னும் உரியவர் கைக்குப் போகாத பொட்டலம் எல்லாமே "அஞ்சல்"தான். இரண்டு, பொருளின் விலையைப் பார்க்காமல் எத்தனை பேருடைய அஞ்சல் போயிற்று என்று எண்ணுகிறார்கள். பத்துப் பேருக்குக் கீழே என்றால் சிறு குற்றத்தில் மேல் வகை. பத்து முதல் 29 வரை பெருங்குற்றம். முப்பதும் அதற்கு மேலும் என்றால் அதைவிடக் கடுமையான வகை. இந்த எண்ணும் முறை எங்கள் தோள் பைக்காரருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அதை அப்படியே பெயர்த்து வைக்கச் சொல்லவில்லை. ஆனால் மனுவில் "வேறிடத்தில் இப்படி இருக்கிறது" என்று ஓர் உதாரணம் காட்டினால், படிக்கிற அதிகாரிக்கு நாம் ஆகாயத்திலிருந்து கேட்கவில்லை என்று புரியும்.

நான் மனுவில் கேட்டவை மூன்று. தபாலிலோ கூரியரிலோ வந்து உரியவர் கைக்குச் சேராத பொருளுக்கு அந்த 5,000 ரூபாய் வரம்பு பொருந்தாது, அது காக்னிசபிள் என்று நடைமுறைச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஒரு வரி சேர்ப்பது. ஒரே ஆள் பலருடைய அஞ்சலை எடுத்தால் பேர்க்கணக்கில் தண்டனை ஏறுவது. பழைய 53-க்கும் 68-க்கும் ஈடான பிரிவுகளைத் தனியார் கூரியருக்கும் பொருந்தும்படி திரும்பக் கொண்டுவருவது. முதல் முறை தவறியவருக்குச் சமூக சேவை தொடரட்டும் என்றும் கீழே ஒரு வரி எழுதினேன். சங்கக் கூட்டத்தில் அதற்குப் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். இருந்தாலும் எடுக்கவில்லை.

யாருக்கு அனுப்புவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தபால் அரசியலமைப்பின் மத்தியப் பட்டியலில் இருக்கிறது, ஆகவே மூன்றாவது கோரிக்கை டெல்லிக்குத்தான் போக வேண்டும், எம்.பி. வழியாக. குற்றச் சட்டமும் நடைமுறைச் சட்டமும் பொதுப் பட்டியல். மாநில சட்டமன்றமும் திருத்தலாம், குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். 2025 ஜனவரியில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டித் தமிழகச் சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றியது இந்த வழியில்தான். ஆகவே முதல் இரண்டையும் எம்.எல்.ஏ.விடமும் சட்டமன்ற மனுக்கள் குழுவிடமும் கொடுக்கலாம். எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் திணித்து எல்லோருக்கும் அனுப்பினால், "இது எங்கள் அதிகாரத்தில் இல்லை" என்று ஒருவரை ஒருவர் காட்டுவார்கள். இரண்டு மனுவாகப் பிரியுங்கள்.

லோக்சபாவுக்கும் மனுக்கள் குழு உண்டு. அங்கே போகிற மனுவில் ஓர் எம்.பி. மேலொப்பம் இட வேண்டும். தமிழில் எழுதினால் ஆங்கில மொழிபெயர்ப்பில் கையெழுத்திட்டு இணையுங்கள். வசைச்சொல் ஒன்றும் வரக்கூடாது. கடைசியில் "ஆகவே இதைச் செய்ய வேண்டுகிறோம்" என்று கோரிக்கை தெளிவாக நிற்க வேண்டும். எம்.பி. அலுவலகத்துக்குப் போகும்போது உதவியாளரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரு பக்கச் சுருக்கத்தை மேலே வைத்து, அட்டவணைத் தாளை அடுத்து வைத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். நான் மூன்று தரம் போனேன். மூன்றாம் தரம்தான் படித்தார்கள். 303-இன் விதிவிலக்கையும் அட்டவணையின் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுக் காட்டியபோது அந்த உதவியாளர் தம்பி, "இது எனக்கே தெரியாதேம்மா" என்றார்.

டெல்லிக்குப் போகிற மனுவை ஸ்பீடு போஸ்டில் அனுப்பினேன். 2025 அக்டோபரிலிருந்து ஐந்து ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கூடக் கொடுத்தால், பெறுகிறவர் ஓடிபி சொன்னால்தான் தபாலைக் கொடுப்பார்கள். வீடுகளுக்குச் சான்றிதழ், பத்திரம் அனுப்பும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். அரசு அலுவலகத்துக்கு வேண்டாம், யார் போனுக்கு ஓடிபி போகும் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். ரசீதை வாங்கிய அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். அது சூட்டில் அச்சாகும் தாள், பீரோவில் வைத்தாலும் கொஞ்ச நாளில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும்.